சிந்தசைசர் வாங்குவதா, மென்பொருளில் இசையமைப்பதா? மலேசியத் தமிழ் இசைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வீட்டு அறையொன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்ற முனைபவர்கள் பெரும்பாலும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. சேர்த்து வைத்த சில ஆயிரம் வெள்ளியை ஒரு நல்ல சிந்தசைசரில், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டில், போடுவதா, அல்லது கணினியைச் சீர்செய்து மென்பொருள் இசைக்கருவிகளோடு தொடங்குவதா என்பதே அந்தத் தயக்கம். எதில் ஒலி நன்றாக இருக்கும் என்றுதான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இன்றைய நிலையில் ஒலியை வைத்து இந்த முடிவை எடுப்பதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் எங்கே வாசிக்கப் போகிறீர்கள், உங்கள் கை எதற்குப் பழகியிருக்கிறது, வாங்கும் கருவியை இந்நாட்டின் ஈரக்காற்றில் எத்தனை ஆண்டுகள் காப்பாற்ற முடியும் என்பவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள். முதல் மூன்று படிகள் முடியும்வரை எதையும் வாங்காதீர்கள்.

முதல் படி: மேடையா, அறையா?

திருமண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் இசைக்குழுவோடு வாசிப்பதே உங்கள் வேலை என்றால், கேள்வியில் பாதி அப்போதே தீர்ந்துவிடுகிறது. பாடகர் மேடையேறிய பிறகுதான், "அண்ணே, எனக்கு அரைக் கட்டை இறக்கிக் கொடுங்க" என்பார். அந்த நொடியில் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு முறை அழுத்தி வேலையை முடிப்பதற்கும், வியர்வைக் கையால் மடிக்கணினித் திரையில் சின்னஞ்சிறு எண்ணைத் தேடுவதற்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. கோர்க் நிறுவனத்தின் பிஏ வரிசையும் யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசையும் போன்ற அரேஞ்சர் கீபோர்டுகள், தாளம், பேஸ், பின்னணி வாத்தியங்கள் அனைத்தையும் இடக்கை பிடிக்கும் சுரக்கூட்டத்துக்கு ஏற்ப உடனுக்குடன் மாற்றித் தருவதற்கென்றே செய்யப்பட்டவை. மடிக்கணினி மேடையில் சூடேறும். புதுப்பிப்பு அறிவிப்பு குறுக்கே வரும். யூஎஸ்பி வடம் ஒரு கால் பட்டால் கழன்றுவிடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழாப் பந்தலில் மின்சாரம் ஒரு நொடி விட்டுப்போனால், மடிக்கணினி தன் மின்கலத்தில் தொடர்ந்து ஓடும். கீபோர்டோ அணைந்து மீண்டும் தொடங்கும். பதிவு வசதியும் உள்ளடங்கிய பெரிய வொர்க்ஸ்டேஷன் வகைக் கீபோர்டுகள் முழுமையாக எழுந்து நிற்கக் கணிசமான நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே கருவியோடு வெளிக்களத்துக்குப் போகிறவர் சிறிய யூபிஎஸ் ஒன்றையும் கருவியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

அறையில் அமர்ந்து குறும்படம், விளம்பரம், தனிப்பாடல் ஆகியவற்றுக்கு இசையமைப்பவரின் நிலை வேறு. ஒரு மாதம் கழித்து இயக்குநர் திரும்ப வந்து, இரண்டாம் சரணத்தில் அந்தப் பின்னணி ஒலியை மட்டும் சற்று மென்மையாக்கித் தரச் சொல்வார். மென்பொருளில் செய்த வேலை என்றால் கோப்பைத் திறந்தவுடன் ஒவ்வொரு குமிழும் விட்ட இடத்திலேயே நிற்கும். நினைவகம் இல்லாத அனலாக் சிந்தசைசரில் செய்த ஒலியை, முன்பு எடுத்து வைத்த ஒளிப்படத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி அமைக்க வேண்டும். அப்போதும் அது அப்படியே திரும்பி வராது. ஊதியத்துக்கு இசையமைப்பவருக்கு மென்பொருளின் தலையாய பயன் இந்த மீட்டெடுப்புத்தான். ஆயிரம் ஒலிகள் கிடைப்பது அதற்கு அடுத்ததே.

இரண்டாம் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

1970இல் வந்த மினிமூக் போன்ற அனலாக் கருவிகளில் மின்சுற்றுகளே ஒலியை உருவாக்குகின்றன. 1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 கருவியில் இருப்பது எண்களைக் கூட்டிப் பெருக்கி அலைவடிவத்தைக் கணக்கிடும் ஒரு சிறு கணினி. 1988இல் வந்த கோர்க் எம்1, பதிவு செய்யப்பட்ட அசல் ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, நினைவகத்திலிருந்து எடுத்து வாசித்தது. 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் பதிவு மென்பொருளுக்குள் பிற ஒலி மென்பொருள்களைச் செருகும் விஎஸ்டி என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. அதன் அடுத்த பதிப்பிலிருந்து இந்தக் கணக்கீடுகள் அனைத்தும் சாதாரணக் கணினிக்குள் இசைக்கருவிகளாகக் குடியேறின.

டிஎக்ஸ்7 செய்த அதே கணக்கை டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் இன்று செய்கிறது. பழைய டிஎக்ஸ்7 ஒலிக்கோப்புகளையும் அது திறந்து வாசிக்கும். ஆகவே இலக்கமுறைக் கருவியையும் மென்பொருளையும் ஒலியின் பெயரால் எதிரெதிராக நிறுத்துவது வீண் வேலை. அனலாக் கருவிகளில் மட்டும் சுற்றுக்குச் சுற்று சிறு வேறுபாடு இருக்கும். கூர்ந்து கேட்கும் செவிக்கு அது தெரியும். ஆனால் தவிலும் குரலும் சேர்ந்த முழுக் கலவைக்குள் அந்த வேறுபாடு எஞ்சி நிற்பது அரிது.

கருவியின் வடிவம் இசையை மாற்றும் என்பது வேறு செய்தி. அதை நான் மறுக்கவில்லை. பம்பாய் ஸ்டூடியோ இசைஞரான சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் ஜுபிடர்-8 சிந்தசைசர், டிபி-303 பேஸ் கருவி, டிஆர்-808 தாளக் கருவி ஆகியவற்றை இணைத்து இந்துஸ்தானி ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் டிபி-303இன் இயல்பு ராகத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அந்தப் பதிவு காட்டியது. கையில் இருந்த கருவியின் இயல்பே அந்த இசைக்கு வழி திறந்தது.

மூன்றாம் படி: கமகச் சோதனை

சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் கருவியில் வருகிறதா என்று பார்ப்பது இது. நம் இசையைச் செய்கிறவர்களுக்கு இதுவே தலையாய படி. மேலை நாட்டு ஒப்பீட்டுக் காணொளிகளில் இதை நீங்கள் பெரும்பாலும் பார்க்க மாட்டீர்கள்.

கடைக்குச் செல்லுங்கள், அல்லது நண்பரின் கருவியைக் கேட்டு வாங்குங்கள். கைபேசியில் ஒரு கட்டை (C) சுருதியில் தம்பூராவை ஓடவிடுங்கள். நாதசுரம் போன்றோ வயலின் போன்றோ நீடித்து நிற்கும் ஒலி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இப்போது தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டை ஸட்ஜமாக இருக்கும்போது அந்தச் சாதாரண காந்தாரம் இரண்டரைக் கட்டையில் (D#) விழுகிறது. ஆனால் தோடியில் அது அங்கே நேராக நிற்பதில்லை; ஒன்றரைக் கட்டையிலுள்ள சுத்த ரிஷபத்துக்கும் நான்கு கட்டையிலுள்ள சுத்த மத்தியமத்துக்கும் இடையே அசைகிறது. அதாவது நடுவிலிருந்து கீழே இரண்டு செமிடோன் (அரைச்சுரம்), மேலே இரண்டு செமிடோன். பெரும்பாலான கருவிகளில் சுருதியை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் தொடக்கத்தில் சரியாக இந்த அளவுக்கே அமைக்கப்பட்டிருக்கும். எனவே இரண்டரைக் கட்டையை வலக்கையால் அழுத்தியபடி, இடக்கையால் சக்கரத்தை இரு எல்லைவரை மெதுவாக ஆட்டினால் தோடியின் காந்தாரம் வந்துவிட வேண்டும்.

வருகிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்கள். சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்தும்போது ஒலி வழுக்கிச் செல்லாமல் படிக்கட்டில் ஏறுவதுபோல் தாவினால், அந்தக் கருவி குறைந்த நுணுக்கத்தில் அனுப்புகிறது என்று பொருள். கருவிகளும் கணினியும் வாசிப்புத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் மிடி முறையில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் உண்டு. தானே ஒலி எழுப்பாமல் கணினியிலுள்ள மென்பொருளை வாசிக்க உதவும் கட்டுப்பாட்டுக் கீபோர்டுகளில் மலிவான சில 128 படிகளை மட்டுமே பயன்படுத்துகின்றன. சக்கரத்தை விட்டதும் அது சரியாக நடுவுக்குத் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். சற்று விலகி நின்றாலும் தம்பூராவோடு சுருதி சேராமல் உடனே காட்டிக்கொடுக்கும்.

சக்கரத்தின் வகையும் முக்கியம். யமஹாவின் பல கருவிகளில் முன்பின்னாகச் சுழலும் சக்கரம் இருக்கிறது. ரோலண்ட் கருவிகளில் இடவலமாகத் தள்ளும் நெம்புகோல். கோர்க்கின் பல கருவிகளில் ஜாய்ஸ்டிக். கம்பிதம் போன்ற விரைந்த அசைவுக்கு விரல் எதில் இயல்பாக ஆடுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதற்காகவே, பார்க்காமல் இணையத்தில் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

இந்தச் சோதனையின் பயன் என்னவென்றால், கமகம் ஒலியை உருவாக்கும் இயந்திரத்தைவிடக் கைபடும் பகுதியையே சார்ந்திருக்கிறது என்பது அதில் தெளிவாகிவிடும். நல்ல சக்கரம் உள்ள கட்டுப்பாட்டுக் கீபோர்டைக் கணினியோடு இணைத்தால் மென்பொருளிலும் அதே கமகம் வரும். மேலதிகமாக, பிசகிய வளைவைப் பதிவுக்குப் பின் திரையில் திருத்தவும் முடியும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வளைவு வேண்டுவோருக்கு 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற மிடி விரிவாக்கம் இருக்கிறது. கட்டைகளே இல்லாத வழவழப்பான பரப்பைக் கொண்ட கான்டினம் என்னும் கருவியை ஏ. ஆர். ரஹ்மான் மேடையில் வாசித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் விரலுக்கு விரல் தனி சுருதி தரும் வகையைச் சேர்ந்ததே. 2018இல் திறந்த மூல நிரலாக வெளியிடப்பட்ட சர்ஜ் என்ற சிந்தசைசரின் இன்றைய வடிவமான சர்ஜ் எக்ஸ்டி, எம்பிஇ வசதியோடும் சுர இடைவெளிகளை நாமே மாற்றி அமைக்கும் வசதியோடும் இலவசமாகவே கிடைக்கிறது.

நான்காம் படி: கணினியின் தாமதத்தை அளந்து பாருங்கள்

மென்பொருளின் மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி உண்மையில் கணினி அமைப்பின் குறைகளே. கட்டையை அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதத்தை, கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்து அனுப்பும் பஃபரின் அளவு தீர்மானிக்கிறது. நொடிக்கு 48,000 அளவீட்டுப் புள்ளிகள் (இவையும் சாம்பிள் என்றே அழைக்கப்படும்) என்ற வேகத்தில் 128 புள்ளி அளவுள்ள பஃபர் ஏறத்தாழ 2.7 மில்லிநொடி, 512 என்றால் 10.7 மில்லிநொடி. இதோடு டிரைவரும் ஒலி மாற்றியும் சேர்க்கும் சில மில்லிநொடிகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். காற்றில் ஒலி 10 மில்லிநொடியில் சுமார் 3.4 மீட்டர் செல்லும். மேடையில் அவ்வளவு தூரம் தள்ளி நிற்கும் தவில்காரரோடு சேர்ந்து வாசிக்க முடிகிற நமக்கு அந்தத் தாமதம் தாங்கக்கூடியதே. அதைத் தாண்டும்போதுதான் விரைவான சுரக்கோவைகளில் கை தடுமாறும்.

விண்டோஸ் கணினியில் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, அதாவது கணினிக்கு வெளியே இணைக்கும் ஒலிப்பெட்டி, கட்டாயம் வேண்டும். ஆப்பிள் கணினிகளில் கோர் ஆடியோ அமைப்பு உள்ளேயே இருப்பதால் தொடக்கத்தில் இன்டர்ஃபேஸ் இல்லாமலும் ஓட்டலாம். புளூடூத் ஹெட்போனில் வாசித்துப் பார்த்துவிட்டு மென்பொருளே சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தத் தாமதம் புளூடூத்தினுடையது. லோ யாட் பிளாசா போன்ற இடத்தில் கணினி வாங்கப் போனால், விளையாட்டுக்கான வரைகலை அட்டைக்குப் பணம் கொட்டுவதை விட்டு 16 ஜிபி நினைவகத்தையும் பெரிய எஸ்எஸ்டியையும் கேளுங்கள். சாம்பிள் தொகுப்புகளுக்கு வேண்டியவை அவையே.

ஐந்தாம் படி: பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

என் வரிசை இது: முதலில் நல்ல கம்பி ஹெட்போனும் ஆடியோ இன்டர்ஃபேஸும், அடுத்து கமகச் சோதனையில் தேறிய கட்டுப்பாட்டுக் கீபோர்டு, பிறகு இலவச மென்பொருள்களோடு சில மாதங்கள். சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்ட், வைட்டல் மென்பொருளின் இலவசப் பதிப்பு ஆகிய மூன்றையும் கற்றுக் கரைகண்டவர் மிகச் சிலரே. பதிவு மென்பொருளுக்கு, ஆப்பிள் வைத்திருப்போருக்குக் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டுத் தனிநபர் சலுகை உரிமத்தை 60 அமெரிக்க டாலருக்கு வாங்கலாம். பல கட்டுப்பாட்டுக் கீபோர்டுகளோடு ஏபிள்டன் லைவ் லைட் என்ற பதிவு மென்பொருள் சேர்ந்தே வருகிறது. இவ்வளவு எளிதாக முறையான வழி இருக்கும்போது திருட்டு மென்பொருளை நாடத் தேவையே இல்லை. உடைக்கப்பட்ட மென்பொருளில் செய்த பாடல், கணினியைப் புதுப்பித்த மறுநாள் திறக்காமல் போகலாம். அதோடு வரும் தீநிரல்கள் உங்கள் வங்கிக் கணக்குவரை எட்டிவிடலாம்.

வரியையும் மறக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து இணையவழி வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இலக்கமுறைச் சேவைகளுக்கான சேவை வரி அதே ஆண்டு மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. மாதச் சந்தா முறையில் மென்பொருள் எடுப்போர் இரண்டு ஆண்டுச் சந்தாவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். இன்னொன்று: நன்கு காத்த சிந்தசைசரை விற்றால் பணத்தில் ஒரு பங்கு திரும்ப வரும், மென்பொருள் உரிமங்கள் பலவற்றைக் கைமாற்றவே முடியாது.

நம் வாத்தியங்களின் சாம்பிள் தொகுப்புகளில் பெரும்பணம் போடுவதை நான் ஏற்கமாட்டேன். மேலை நாட்டு வயலின் குழுவை மென்பொருள் நம்பும்படி வாசித்துவிடும். ஆனால் வளைந்த குச்சி தோலில் உரசி எழும் உறுமியின் இழுப்பொலி, அடிப்பவரின் கை அழுத்தத்துக்கு ஏற்ப நொடிக்கு நொடி மாறுவது. இந்நாட்டில் உறுமி மேளக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பணத்தில் நல்ல மைக் ஒன்றை வாங்கி, ஒரு கலைஞரை அழைத்து, உரிய சன்மானம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பாடல் உடனே உயிர்பெறும்.

ஆறாம் படி: பழைய சிந்தசைசர் வாங்கினால் எப்படிச் சோதிப்பது?

மென்பொருளில் சில மாதம் வேலை செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட கருவி எந்த வேலைக்கு வேண்டும் என்று உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், தயங்காமல் வாங்குங்கள். முடா, கரோசெல் போன்ற தளங்களில் பழைய கருவிகள் கிடைக்கும். நேரில் சென்று, கையோடு ஹெட்போனும் கொண்டுபோய்ச் சோதியுங்கள்.

முதலில் கருவியைத் திருப்பிப் பின்புறத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து வந்த கருவி 100 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். தனி அடாப்டரில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. உள்ளேயே மின்மாற்றி கொண்ட பழைய கருவி என்றால் வோல்ட்டேஜ் குறைக்கும் பெட்டி இல்லாமல் இணைத்துவிடாதீர்கள்; கருவி கருகிவிடும்.

பிறகு எல்லாக் கட்டைகளையும் ஒரே அழுத்தத்தில் வரிசையாக அழுத்துங்கள். சில கட்டைகள் மட்டும் திடீரென்று உரக்க ஒலித்தால், அடியிலுள்ள ரப்பர் தொடுபகுதியில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. அது துடைத்துச் சரிசெய்யக்கூடிய குறைதான், விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடுத்து, பல குரல் கொண்ட அனலாக் கருவியில் ஒரே கட்டையை நிதானமாகப் பலமுறை தட்டுங்கள். உள்ளே இருக்கும் குரல்கள் முறைவைத்து ஒலிப்பதால், ஆறு குரல் கொண்ட ரோலண்ட் ஜூனோ-106 போன்ற கருவியில் ஒவ்வோர் ஆறாம் தட்டலிலும் ஒலி மங்கினாலோ கரகரத்தாலோ ஒரு குரல் பழுது என்று அறியலாம். 1984இல் வந்த அந்தக் கருவியின் குரல் சில்லுகள் பழுதாவது பரவலாக அறியப்பட்ட குறை. விற்பவர் மறைக்க நினைத்தாலும் இந்தத் தட்டல் சோதனை வெளிக்கொண்டுவந்துவிடும். குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்பு, இரு பக்க வெளியீடு, நினைவகத்துக்கான உள் மின்கலம் ஆகியவற்றையும் பாருங்கள். மின்கலம் தீர்ந்திருந்தால் சேமித்த ஒலிகள் அனைத்தும் போய்விடும்.

ஏழாம் படி: ஈரமும் இடியும்

தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று உலோகத் தொடுபகுதிகளை அரிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈரப்பதமும் மாலை நேர இடி மின்னலும் தொல்லை. வாசிக்காத நாள்களிலும் வாரத்துக்கு ஒரு முறையாவது கருவியை ஓடவிடுங்கள். உள்ளே எழும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும். காற்றுப் புகும் துணியால் மூடுங்கள். பையில் வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான மண்டபத்துக்குக் கொண்டுசென்ற கருவியின் மேல் நீர்த்துளி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிட்டு அதன் பின் இணையுங்கள். இடி முழங்கத் தொடங்கினால் மின்செருகியைக் கழற்றுவதே உறுதியான காப்பு.

எட்டாம் படி: இரண்டையும் இணைத்தல்

சிந்தசைசரும் கணினியும் சேர்ந்த அமைப்புக்குத்தான் பலர் வந்து சேருகிறார்கள். கருவியின் மிடியை யூஎஸ்பி வழியாகவும், ஒலியை இரண்டு தனி வடங்கள் வழியாக இன்டர்ஃபேஸிலும் கொடுங்கள். மடிக்கணினி மின்னேற்றியை இணைத்ததும் ரீங்காரம் கேட்டால், அதைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் புவித்தொடர்பில் சிக்கல், ஒலிவடத்தின் நடுவே இணைக்கும் டிஐ பெட்டி ஒன்று தீர்த்துவைக்கும். வாசித்த மிடியைச் சேமிப்பதோடு நிறுத்திவிடாமல், கருவியின் ஒலியையும் அன்றே ஆடியோவாகப் பதிந்துவிடுங்கள். கோப்பின் பெயரில் பாடல், சுருதிக் கட்டை, தாளவேகம், கருவியின் பெயர், ஒலி எண் ஆகியவற்றை எழுதுங்கள். நினைவகம் இல்லாத கருவி என்றால் குமிழ்கள் நின்ற நிலையை ஒளிப்படமாக எடுத்து அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.